கார்டு இருக்கிறது, கட்டிலில் படுக்காத நோய்க்கு என்ன வழி?

கேள்வி சுருக்கமாக இது: உசிலம்பட்டி பக்கத்துக் கிராமம் ஒன்றில் இளைஞர் மன்றம் நடத்துகிறோம். எங்கள் தெருவில் ஒன்பது வயதுப் பெண் குழந்தைக்குச் சர்க்கரை நோய் வந்திருக்கிறது. முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தும் மாதாமாதம் கைக்காசுதான் போகிறது. 'நாட்டிலுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் 5 லட்ச ரூபாய் காப்பீடு வேண்டும்' என்று எம்.பி.யிடம் மனு கொடுக்க இருக்கிறோம். சரியாக இருக்குமா? சுகாதாரம் மாநில அரசின் வேலை, டெல்லிக்கு எழுதி என்ன பயன் என்று சிலர் கேட்கிறார்கள்.

தம்பி, மனு கொடுங்கள். ஆனால் அந்த ஒரு வரியை மாற்றிவிட்டுக் கொடுங்கள். 5 லட்சம் என்ன, 50 லட்சத்துக்குக் காப்பீடு வந்தாலும் அந்தக் குழந்தையின் அம்மா கையிலிருந்து போகிற காசு நிற்காது.

நான் கிராம சுகாதாரச் செவிலியராக வேலைக்குச் சேர்ந்து பகுதி சுகாதாரச் செவிலியராக ஓய்வு பெற்றவள். சேடபட்டி, எழுமலை, உசிலம்பட்டி என்று அந்த வட்டாரத்திலேயே முப்பது வருடம் ஓடிவிட்டது. அதனால் சட்டப் புத்தகத்திலிருந்து ஆரம்பிக்காமல் வீட்டு வாசலிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

குழந்தைக்கு வருகிற சர்க்கரை பெரும்பாலும் டைப் 1. உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுபோன நிலை. மாத்திரையில் ஓட்ட முடியாது. ஒரு நாளைக்கு மூன்று நான்கு ஊசி, அதே அளவுக்கு விரல் நுனியில் குத்திச் சோதனை. இன்சுலின் அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும். வீட்டில் குத்திப் பார்க்கிற ஸ்ட்ரிப் பெரும்பாலும் கடையில்தான். ஒரு ஸ்ட்ரிப் இருபது ரூபாய் என்று வையுங்கள், நாளைக்கு நான்கு என்றால் மாதம் 2,400 ரூபாய். முதல்வர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய், அதாவது மாதம் 10,000. திட்டத்தில் சேரத் தகுதியுள்ள ஏழைக் குடும்பமே, இந்தக் கணக்குப்படி, வருமானத்தில் நாலில் ஒரு பங்கை ஸ்ட்ரிப்புக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அட்டை எப்போது வேலை செய்யும்? காசு மிச்சம் பிடிக்க சோதனையைக் குறைத்து, சர்க்கரை எகிறி, குழந்தை மூச்சு வாங்கி மயங்கி, ஐ.சி.யூ.வில் சேர்த்த பிறகு. அங்கே ஆகும் பல ஆயிரத்தைத் திட்டம் கொடுத்துவிடும். அங்கே போகாமல் தடுக்கிற 2,400-ஐக் கொடுக்காது. இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. திட்டம் அப்படிக் கட்டப்பட்டிருக்கிறது. 2018 செப்டம்பர் 23-ல் தொடங்கிய பிரதமரின் ஆயுஷ்மான் பாரத் காப்பீடும், 2012 ஜனவரியிலிருந்து நடந்து பின்னால் அதோடு இணைந்த நம் முதல்வர் திட்டமும், அடிப்படையில் மருத்துவமனையில் சேர்ந்து படுக்கிறவர்களுக்கானவை. பைபாஸ் செய்யப் போகிற அப்பாவுக்கு அது தெய்வம் மாதிரி. பிள்ளைகளின் நோய் வேறு மாதிரி நடக்கும். மூச்சிழுப்பு, வலிப்பு, ரத்தசோகை, பேச்சு வராதது, காது கேளாதது, மூளை முடக்குவாதம் எல்லாம் கட்டிலில் படுத்துத் தீர்கிற சமாச்சாரம் இல்லை. வருடக்கணக்கில் போய் வந்து, மருந்து வாங்கி, பயிற்சி செய்து சரிக்கட்ட வேண்டியவை.

இதில் ஒரு கூத்தும் நடக்கும். இழுப்பு வந்த ஒரு பையனைப் பார்க்கத் தனியார் மருத்துவமனை ஒன்றுக்குப் போயிருந்தேன். நெபுலைசர் வைத்து அரை மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். 'அட்டையில் போடணும்னா ரெண்டு நாள் படுக்கட்டும்' என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். அந்த இரண்டு நாளும் பையன் கட்டில் மேலே குதித்து விளையாடிக்கொண்டிருந்தான். அவன் அம்மாவுக்கு இரண்டு நாள் களையெடுப்புக் கூலி போனது.

கூலி என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மனு எழுதுகிறவர்கள் எப்போதும் விட்டுவிடுவது இதைத்தான். பிறக்கும்போதே பாதம் உள்பக்கமாக வளைந்திருக்கும் குழந்தைகளைப் பார்த்திருப்பீர்கள். முன்பெல்லாம் பெரிய ஆபரேஷன். இப்போது பொன்செட்டி முறையில் வாரம் ஒரு மாவுக்கட்டு, ஐந்தாறு வாரம், தேவைப்பட்டால் குதிகால் தசைநாரில் சின்னதாய் ஒரு வெட்டு. அதற்கப்புறம் கம்பி வைத்த ஷூ. முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம், பிறகு நாலைந்து வயது வரை இரவில் மட்டும். மாவுக்கட்டு இலவசம். ஆனால் எழுமலையிலிருந்து மதுரைக்குக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாரம் ஒருநாள் வர வேண்டும். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றாலும் புறநகர் வண்டியில் அந்தச் சலுகை இல்லை. சாப்பாடு, கூலி இழப்பு, வீட்டில் விட்டு வந்த மூத்த பிள்ளை எல்லாம் சேர்ந்து, நான்காவது கட்டோடு நின்றுபோன தாய்மார்களை நான் அறிவேன். அவர்களைப் பற்றிய குறிப்பில் 'பெற்றோர் ஒத்துழைக்கவில்லை' என்று எழுதுவோம். நானும் எழுதியிருக்கிறேன்.

சரி, குழந்தைகளுக்கென்று தேசிய அளவில் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம், சுருக்கமாக ஆர்.பி.எஸ்.கே. உங்கள் ஊர்ப் பள்ளிக்கு டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர் எல்லோரும் ஒரு வண்டியில் வருவார்களே, அதுதான். அங்கன்வாடிக்கு வருடத்தில் இரண்டு முறை, அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிக்கு ஒரு முறை. பிறவிக் குறை, சத்துக்குறை, நோய், வளர்ச்சியில் தாமதம் என நான்கு வகையில் சுமார் 30 கோளாறுகளைத் தேடுவார்கள். 18 வயது வரை. கண்டுபிடித்தால் மாவட்டத்தில் உள்ள ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள், சிகிச்சை இலவசம்.

என் கணிப்பில் இந்தியாவில் குழந்தைகளுக்காக யோசிக்கப்பட்ட திட்டங்களில் இது மிகச் சிறந்த ஒன்று. ஆனால் இதற்குக் கண்கள் நன்றாக இருக்கின்றன, கால்கள்தான் பலவீனம். சீட்டு எழுதிக் கொடுக்கிற வரை கச்சிதமாக நடக்கும். அந்தச் சீட்டோடு குழந்தை மதுரை போய்ச் சேர்ந்ததா, மறுபடி போனதா, பேச்சுப் பயிற்சி ஆறு மாதம் நடந்ததா என்று பின்னாலேயே போய்ப் பார்க்க ஆள் போதாது. அங்கன்வாடியிலிருந்து தனியார் மெட்ரிக் பள்ளிக்கு மாறிய பிள்ளை பல சமயம் பட்டியலிலிருந்தே நழுவிவிடும். பெரியவர்களுக்கான சர்க்கரை, ரத்தக் கொதிப்புப் பரிசோதனைத் திட்டமோ 30 வயதிலிருந்து ஆரம்பிக்கிறது. உங்கள் தெருக் குழந்தை அதிலும் வர மாட்டாள்.

அந்தக் காலத்தில் எங்கள் கவலை வேறாக இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் வட்டாரத்தில் பெண் குழந்தை பிறந்த வீட்டுக்கு மறுநாளே ஓடிப்போய்ப் பார்க்க வேண்டியிருந்தது, பிள்ளை இருக்கிறதா என்று. அதற்கு மேல் விளக்கம் வேண்டாம், உசிலம்பட்டிக்காரர்களுக்குத் தெரியும். 2020-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கில், ஆயிரம் குழந்தை பிறந்தால் ஒரு வயதுக்குள் இறப்பது தமிழ்நாட்டில் 13, இந்தியாவில் 28. பிழைக்க வைத்துவிட்டோம். குறை மாதத்தில் பிறந்தது, இதயத்தில் ஓட்டையோடு பிறந்தது எல்லாம் இன்று வீடு திரும்புகின்றன. திரும்பிய பிறகு பத்துப் பதினைந்து வருடம் அவற்றுக்கு என்ன தேவை என்பதைத் திட்டங்கள் இன்னும் யோசிக்கவில்லை.

இனி, டெல்லிக்கு எதற்கு என்ற கேள்வி. அரசியல் சட்டப்படி பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் இருப்பது உண்மைதான். ஆனால் ஆர்.பி.எஸ்.கே. உள்பட தேசிய சுகாதார இயக்கத்தின் செலவை நம்மைப் போன்ற மாநிலங்களில் மத்திய அரசு 60, மாநிலம் 40 என்று பகிர்ந்துகொள்கின்றன. எதற்குப் பணம், எதற்கு இல்லை என்ற சட்டகம் டெல்லியில் தயாராகிறது. 2017-ன் தேசிய சுகாதாரக் கொள்கை, 2025-க்குள் அரசுகளின் சுகாதாரச் செலவை நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதமாக்குவோம் என்றது. 2021-22 கணக்கில் அது 1.84 சதவீதம். அதே வருடம் நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் மக்கள் கைக்காசு 39.4 சதவீதம்.

மருந்து விஷயமும் அப்படித்தான். 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பக்கம் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருமல் சிரப் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்களே, அந்த சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்தது. சட்டம் 1940-ன் மத்தியச் சட்டம், உரிமம் கொடுப்பது மாநிலம், குடித்தது இன்னொரு மாநிலத்துப் பிள்ளை. ஒரு மாநிலம் தனியாகச் சரிசெய்கிற காரியமா இது?

அப்புறம், இங்கே நடந்தது அங்கே போன கதையும் உண்டு. 1956-ல் காமராஜர் ஆட்சியிலும் 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியிலும் நம் பள்ளிகளில் விரிந்த மதிய உணவை, நாடு முழுக்கச் சமைத்த சாப்பாடாகவே போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2001 நவம்பரில், உணவு உரிமை வழக்கில். 2013-ல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அது உரிமையாகவே எழுதப்பட்டது. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் தொடங்கியது நம் மதுரையில்தானே. கல்விக்கு 2002-ல் அரசியல் சட்டத்திருத்தம், 2009-ல் சட்டம், 2010 ஏப்ரலில் நடைமுறை. ஆக, பிள்ளைக்குச் சாப்பாடு சட்டப்படி உரிமை, 6 முதல் 14 வயது வரை படிப்பு அடிப்படை உரிமை. மருத்துவத்துக்கு மட்டும் அப்படி ஒரு சட்டம் நாட்டளவில் கிடையாது. உயிர் வாழும் உரிமையான 21-ஆம் பிரிவில் அடக்கம் என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. ஆனால் ஸ்ட்ரிப் கிடைக்காத அம்மா உயர் நீதிமன்றக் கிளைக்கா போவாள்?

இப்போது மனுவுக்கு வருவோம். நான் எழுதினால் முதலில் கேட்பது, குழந்தைக்கு வருமானச் சான்று கேட்காதே என்பதை. தடுப்பூசி போட யாராவது ஆண்டு வருமானம் கேட்டதுண்டா? மாட்டுத்தாவணியில் போலியோ சொட்டு மருந்து கொடுக்கும்போது காரில் வந்தவர் பிள்ளையும் வாயைத் திறந்தது, கட்டிட வேலைக்கு வந்தவர் பிள்ளையும் திறந்தது. அதனால்தான் 2014-ல் போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது. வரம்பு போட்டால் கோட்டுக்கு ஓர் அடி தள்ளி நிற்பவன் மாட்டிக்கொள்வான். மாசி வீதி ஜவுளிக்கடையில் மாதம் 12,000 வாங்குகிற தம்பி திட்டத்துக்குப் பணக்காரன், மருத்துவமனைக்கு ஏழை. அந்தக் கடையில் ஈ.எஸ்.ஐ. பிடித்தால் தத்தனேரி ஆஸ்பத்திரியில் அவர் பிள்ளைக்குப் புறநோயாளி சிகிச்சையும் உண்டு, பிடிக்காவிட்டால் ஒன்றுமில்லை. அமெரிக்காவிலும் இதே இடுக்கில் சிக்கிய பிள்ளைகள் இருந்தார்கள். ஏழைகளுக்கான திட்டத்தில் சேர வருமானம் கூடுதல், தனியார் காப்பீடு வாங்க வருமானம் குறைவு. அவர்களுக்காகவே 1997-ல் ஒரு தனிக் காப்பீட்டுத் திட்டம் கொண்டுவந்தார்கள்.

இதைக் கேட்க நமக்கு உள்ளூரிலேயே முன்னுதாரணம் கிடைத்துவிட்டது. 2024 அக்டோபரில் மத்திய அரசு 70 வயதைத் தாண்டிய எல்லோருக்கும், வருமானம் பார்க்காமல், ஆயுஷ்மான் காப்பீடு என்று தொடங்கியது. வயதை மட்டும் பார்த்துக் கொடுக்க முடியும் என்று அரசே ஒப்புக்கொண்டதுதானே இது? தாத்தாவுக்குக் கொடுத்ததைப் பேத்திக்கும் கொடு என்பதில் மறுத்துப் பேச இடமில்லை. இந்த வாதத்தை மனுவின் முதல் பத்தியிலேயே வையுங்கள்.

இரண்டாவது, படுக்காத நோய்க்கு மருந்து. இங்கே ஒரு எச்சரிக்கை. 'புறநோயாளி செலவையும் காப்பீட்டில் சேர்' என்று எழுதிவிடாதீர்கள். கேட்க நன்றாக இருக்கும், நடைமுறையில் பில் சேர்க்கிற வேலையாக முடியும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் நிராமயா என்ற காப்பீடு இருக்கிறது, வருடம் ஒரு லட்சம் ரூபாய் வரை, வெளிநோயாளி சிகிச்சைக்கும் தெரபிக்கும் கூட உண்டு. நல்ல திட்டம், உங்கள் ஊரில் யாருக்காவது பொருந்தினால் உடனே சேருங்கள். ஆனால் முதலில் கைக்காசைப் போட்டு, பில்லை அனுப்பி, பிறகு திரும்ப வாங்க வேண்டும். கைக்காசே இல்லாதவளுக்கு அது எட்டாது. எனவே, 18 வயது வரை நீண்ட நாள் நோயுள்ள பிள்ளைகளுக்கான மருந்தும் ஸ்ட்ரிப்பும் இன்ஹேலரும் வலிப்பு சிரப்பும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாதாமாதம் கையில் கிடைக்க வேண்டும், அதற்கு தேசிய சுகாதார இயக்கத்தில் தனி ஒதுக்கீடு வேண்டும் என்று கேளுங்கள். நமக்கு 1994-ல் அமைந்த மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக மருந்து வாங்கி விநியோகிக்கிறது, எனவே வழி புதிதல்ல. சிரப்பாகவே கேளுங்கள். பெரியவர் மாத்திரையைக் காலாக உடைத்து, தேன் குழைத்துக் கொடுத்து, பாதி சிந்தி, வலிப்பு திரும்பி வந்த பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

மூன்றாவது, போக வர செலவும் கூலி இழப்பும். ஒரு வயதுக்குட்பட்ட நோயுற்ற குழந்தையை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போகவும் வீட்டில் விடவும் இலவச வண்டி என்பது 2011-ல் தொடங்கிய ஜனனி சிசு திட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு தாயைக் கொண்டுவந்து விடுகிற வண்டியைப் பார்த்திருப்பீர்கள். அதை ஆர்.பி.எஸ்.கே. சீட்டு வைத்திருக்கிற எல்லாப் பிள்ளைக்கும் 18 வயது வரை நீட்டு, வருகிற ஒவ்வொரு நாளுக்கும் கூட வருகிறவருக்கு ஒருநாள் கூலி கொடு. இவ்வளவுதான். புதுத் திட்டம், புதுப் பெயர் எதுவும் வேண்டாம்.

தோப்பூர் எய்ம்ஸைப் பற்றியும் ஒரு வரி சேர்க்கலாமா என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டி, 2022-ல் மாணவர்களை ராமநாதபுரத்தில் உட்கார வைத்த கதை எல்லோருக்கும் தெரியும். கேட்க வேண்டியதுதான், ஆனால் இந்த மனுவில் வேண்டாம். கட்டிடம் என்று வந்துவிட்டால் மற்ற எல்லாம் பின்னால் போய்விடும்.

யாரிடம் கொடுப்பது என்பதில் கவனம். மதுரை மாவட்டம் மூன்று நாடாளுமன்றத் தொகுதிகளில் சிதறிக் கிடக்கிறது. உசிலம்பட்டியும் சோழவந்தானும் தேனி தொகுதியில். திருமங்கலமும் திருப்பரங்குன்றமும் விருதுநகரில். மேலூரும் நகரமும் மதுரையில். மூன்று எம்.பி.க்களிடமும் ஒரே மனு போனால் அதற்குத் தனி மதிப்பு. கையில் கொடுத்து போட்டோ எடுப்பதோடு நிறுத்தாதீர்கள். 'எங்கள் மாவட்டத்தில் கடந்த மூன்று ஆண்டில் ஆர்.பி.எஸ்.கே.யில் கண்டறியப்பட்ட குழந்தைகள் எத்தனை, சிகிச்சை முடித்தவர்கள் எத்தனை' என்று எழுத்துப்பூர்வக் கேள்வி ஒன்று கேட்கச் சொல்லுங்கள். பதில் அவைக் குறிப்பில் ஏறும். மக்களவைக்கே நேராக மனு அனுப்பவும் வழி உண்டு, ஓர் உறுப்பினர் மேலொப்பம் இட்டால் அது மனுக்கள் குழு வரை போகும். தமிழில் எழுதினால் ஆங்கில மொழிபெயர்ப்பை இணைத்துக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

அதே கேள்வியைப் பத்து ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் மாவட்ட அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். இரண்டு பதிலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது சுவாரசியமாக இருக்கும்.

கிராம சபைத் தீர்மானம் இல்லாமல் போகாதீர்கள். வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது, ஆகஸ்ட் 15 தவறினால் அக்டோபர் 2. பக்கத்து ஊராட்சிகளிலும் போட வையுங்கள், உங்கள் கிராம சுகாதாரச் செவிலியருக்குத் தெரியாத வீடு இல்லை, அவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். அவர் அரசு ஊழியர், கையெழுத்துப் போட மாட்டார், ஆனால் எந்த வீட்டில் எந்தப் பிள்ளை என்று சொல்வார். பிள்ளைகளின் பெயரையும் படத்தையும் மட்டும் மனுவில் போட வேண்டாம். வயது, நோய், எத்தனை முறை மதுரை போனது, ஒவ்வொரு முறையும் எவ்வளவு ஆனது என்று ஒரு பக்கக் கணக்கு போதும். பஸ் டிக்கெட், மருந்துக் கடை பில், ஓ.பி. சீட்டு எல்லாவற்றையும் இன்றிலிருந்தே ஒரு பழைய நோட்டில் ஒட்டிவரச் சொல்லுங்கள், அந்தக் குழந்தையின் அம்மாவிடமிருந்தே ஆரம்பிக்கலாம்.

அப்புறம், அவள் கையில் உள்ள இன்சுலினை எங்கே வைக்கிறாள் என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை என்றால், மண்பானைக்குள் ஈர மணல் போட்டு, நடுவில் ஒரு சின்ன டப்பாவில் மருந்தை வைத்து மூடி, நிழலில் வைக்கலாம். சித்திரை வெயில் வருவதற்குள் இதைச் செய்துவிடுங்கள், மனு எப்போது போனாலும் சரி.